வாத்து வரும் பருவத்தில் பள்ளியை மூடும் கிரீ மக்கள்: பிள்ளைகளிடம் மரபு எப்படிப் போய்ச் சேருகிறது?

கேள்வி
எழுதியவர்: ரோஸ் ஹில் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மொரிஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லுக்கு அருகே ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். ஐந்தாம் வகுப்புக்குப் பறவைகளைப் பற்றி ஒரு பாடம் நடத்துவதற்காக வலசைப் பறவைகள் குறித்துப் படித்துக்கொண்டிருந்தபோது, கனடாவின் ஜேம்ஸ் விரிகுடாக் கரையில் வாழும் கிரீ மக்களைப் பற்றிய செய்தி ஒன்று கண்ணில் பட்டது. தெற்கே குளிர்காலத்தைக் கழித்த காட்டு வாத்துகள் வடக்கு நோக்கித் திரும்பும் வசந்தத்தில், ஏப்ரல் இறுதியிலிருந்து மே மாதத்துக்குள், அவர்களுடைய ஊர்களில் பள்ளிக்கூடங்களை ஏறத்தாழ இரண்டு வாரம் மூடிவிடுகிறார்கள். பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு வேட்டை முகாமுக்குப் போய்விடுகிறார்கள்.

ஏதோ ஒரு விடுமுறை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கிரீ பள்ளி வாரியமே அதைத் தன் ஆண்டு நாட்காட்டியில் சேர்த்திருக்கிறது என்பதையும், இலையுதிர் காலத்தில் மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாடுவதற்கும் இதைப் போலவே ஒரு விடுப்பு உண்டு என்பதையும் அறிந்த பிறகு, அதை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியவில்லை. பள்ளியை மூடுவதால் படிப்புக் கெட்டுவிடும் என்று அஞ்சுகிற ஊர் நம்முடையது. பள்ளியை மூடினால்தான் ஒரு படிப்பு நடக்கும் என்று நம்புகிற ஊர் அவர்களுடையது.

என் மனத்தை அரிப்பது வேறொன்று. என் வகுப்பில் தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளை, ஆறாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து தமிழை மறக்கத் தொடங்குகிறது. வீட்டில் பேச்செல்லாம் நம் தீவின் பொதுப் பேச்சுமொழியான கிரியோல்தான். நம் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு நாடு முழுவதும் அரசு விடுமுறை இருக்கிறது, பள்ளியில் தமிழ்ப் பாடவேளை இருக்கிறது. பிள்ளையின் வாயில்தான் தமிழ் இல்லை. அதே பிள்ளை, காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதத்தில் எதை உண்ணலாம், எதைத் தொடக்கூடாது, செம்பில் பாலை எப்படி ஏந்த வேண்டும் என்பதையெல்லாம் எந்தத் தேர்வும் இல்லாமலே அறிந்திருக்கிறது.

ஆகவே, கிரீ மக்களை நேரில் அறிந்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். அந்த முகாமில் யார் கற்பிக்கிறார்கள், எப்படிக் கற்பிக்கிறார்கள், வேட்டையோடு சேர்ந்து மொழியும் பிள்ளைகளிடம் போகிறதா? இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தச் செய்தியை ஆசிரியர் அறையில் சொன்னபோது, புரட்டாசி விரதத்தில் இருந்த உடன்பணியாளர் ஒருவர், "உயிர்க்கொலையைப் பண்பாடு என்று பிள்ளைகளிடம் சொல்வீர்களா?" என்று கேட்டார். எனக்கு உடனே மறுமொழி வரவில்லை.

மறுமொழி 1
எழுதியவர்: மாண்ட்ரியால் கணக்காசிரியர் (சொந்த ஊர் வாக்வா)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நம் தீவில் பிரெஞ்சு படித்திருந்த புண்ணியத்தால் கனடாவில் பிரெஞ்சு பேசும் மாநிலமான கியூபெக்கில் வேலை கிடைத்து, அதில் இரண்டு கல்வியாண்டுகளைக் கடற்கரைக் கிரீ ஊர் ஒன்றின் பள்ளியில் கழித்தேன். முதல் வசந்தத்தில், பள்ளி மூடியதும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற என்னை, எங்கள் பள்ளியில் வேலை பார்த்த ஒருவர் தம் குடும்பத்தோடு முகாமுக்கு அழைத்துப் போனார். வாத்து பார்க்கப் போன வாத்தியார் என்று என் மனைவி இன்றுவரை கேலி செய்கிறாள்.

யார் கற்பிக்கிறார்கள் என்று கேட்டீர்கள். நான் பார்த்த அளவில், கற்பிப்பவர் என்று ஒருவர் தனியாக இல்லை. கூடாரம் போட்டவுடன் முதல் வேலை தரை அமைப்பது. ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் நுனிக்கிளைகளை ஒடித்துவந்து, நாம் கீற்று வேய்வதைப் போல, ஒன்றின் காம்பை அடுத்ததன் இலை மூடும்படி வரிசையாகச் செருகிக்கொண்டே போக வேண்டும். ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி ஒரு வரிசை போட்டாள். காம்புகள் மேலே துருத்திக்கொண்டு நின்றன. பாட்டி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த வரிசையை உருவி எடுத்து, மெதுவாகத் தானே மீண்டும் போட்டார். பெண் பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த வரிசையைச் சரியாகப் போட்டாள். நானோ கணக்காசிரியன், ஏன், எதற்கு என்று கேட்டே பழகியவன். வாத்தின் வயிற்றை ஏன் அந்த இடத்தில் கீற வேண்டும் என்று கேட்டபோது, பெரியவர் சிரித்துவிட்டுக் கத்தியை என் கையில் கொடுத்தார்.

வேட்டையில் அவரவர் விருப்பத்துக்குச் சுடுவதில்லை. ஒவ்வொரு வேட்டை நிலத்துக்கும் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. வாத்து வேட்டைக்கென்று வழிநடத்தும் பெரியவரை 'சுடுவோர் தலைவர்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். இன்று எந்தச் சதுப்பில் உட்காரலாம், எந்த இடத்தைச் சில நாள் ஓய்வாக விட வேண்டும் என்பதை அவர்தான் சொல்கிறார். காற்றில்லாத நாளில் சுடமாட்டார்கள். ஏனென்றால் அமைதியான வானில் வெடியோசை நெடுந்தொலைவு போய், மற்றச் சதுப்புகளில் இறங்கியிருக்கும் கூட்டங்களையும் கலைத்துவிடும். இருட்டிய பின்னும் சுடமாட்டார்கள். இரவு தங்கும் இடத்திலும் அச்சம் என்றால் வாத்துகள் அந்தப் பக்கமே வராமல் போய்விடும். வானம் நிறைய வாத்து பறக்கும் ஒரு நாளில், காற்று விழுந்துவிட்டதால், நாள் முழுவதும் தேநீர் குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். பதினான்கு வயதுப் பையன்கள் துப்பாக்கியைத் தொடாமல் அப்படி உட்கார்ந்திருந்ததுதான் நான் அங்கே பார்த்த மிகப் பெரிய பாடம்.

வாத்தைக் கீழே இறக்கும் கலை தனி. பனிக்கட்டிகளை அடுக்கியோ கிளைகளை நட்டோ மறைப்புக் கட்டி, அதன் முன்னால் போலி வாத்துகளை வைப்பார்கள். (நம் பழந்தமிழில் வேட்டைக்காக வைக்கும் இத்தகைய விலங்குக்கும் பறவைக்கும் 'பார்வை' என்று பெயர் உண்டு, நல்ல சொல், இங்கே பயன்படுத்திக்கொள்கிறேன்.) முன்பு சேற்றுருண்டையில் இறகு செருகியும், டமராக் மரச் சுள்ளிகளைக் கட்டியும் பார்வை செய்தார்கள், இப்போது கடையில் வாங்கிய பிளாஸ்டிக்கும் கலந்து நிற்கிறது. தொலைவில் கூட்டம் தெரிந்ததும் பெரியவர் வெறும் வாயால் வாத்தைப் போலக் கூவுகிறார். ஒன்பது வயதுப் பேரன் ஒருவனும் கூவினான். மூன்று முறை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, வாத்துகள் உட்பட. நான்காம் முறை வரிசையில் கடைசியாகப் பறந்த இரண்டு, சிறகை வளைத்துக்கொண்டு இறங்கின.

சமையலையும் சொல்லிவிடுகிறேன். கூடாரத்துக்குள் நெருப்பின் பக்கத்தில் வாத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றை முறுக்கி விட்டுவிடுவார்கள். அது அவிழ்ந்து ஒருபுறம் சுழலும், பிறகு தானே மறுபுறம் முறுக்கிக்கொள்ளும். சுழற்சி நிற்கும்போது ஒரு குச்சியால் தட்டிவிடுவது சிறு பிள்ளையின் வேலை. அடியில் வைத்த தட்டில் கொழுப்பு சொட்டும், அதைப் பேனக் என்னும் ரொட்டியில் தொட்டு உண்பார்கள். மணிக்கணக்கில் நடக்கும் இந்த வேலையின்போதுதான் பாட்டிகள் கதை சொல்கிறார்கள். கயிற்றைத் தட்டும் பிள்ளை எழுந்து ஓட முடியாது அல்லவா!

மொழியைப் பற்றி மிகைப்படுத்த மாட்டேன். பெரியவர்கள் கிரீ மொழியில் சொல்ல, பிள்ளைகள் பலமுறை ஆங்கிலத்தில் பதில் சொன்னதையும் கேட்டேன். கனடா வாத்துக்கு 'நிஸ்க்' என்றும், பனி வாத்துக்கு அதன் குரலையே ஒத்த 'வேவே' போன்ற ஒரு பெயரும் சொல்வார்கள். ஊரில் தொலைக்காட்சி முன்னால் ஆங்கிலமாக இருந்த பிள்ளை, முகாமில் மூன்றாம் நான்காம் நாளில் கிரீ மொழியில் கேட்கத் தொடங்கியதைக் கண்டேன். பனி எந்த நிலையில் இருக்கிறது, பறவை எந்தப் பக்கமாகத் திரும்புகிறது என்பதற்கெல்லாம் கைவசமிருந்த சொல் அந்த மொழியில்தான் இருந்தது.

உங்கள் உடன்பணியாளரின் கேள்விக்கு: பையன் வீழ்த்தும் முதல் வாத்து அவனுக்கு இல்லை; அது பெரியவர்களுக்குப் போகிறது, அதைக் கொண்டாடி உண்கிறார்கள். சில வீடுகளில் அந்த முதல் வாத்தின் தலையைப் பதப்படுத்தி, மணி கோத்து அழகுசெய்து மாட்டியிருப்பதையும் பார்த்தேன். எலும்புகளை நாய் இழுத்துப் போகவிடாமல் எடுத்து வைக்கிறார்கள். இறகும் தூவியும் தலையணைக்கும் போர்வைக்கும் போகின்றன. கொன்றதை வீணாக்குவதும், கொன்றதைப் பெருமையடிப்பதும்தான் அங்கே பாவம். விரதம் இருப்பவரோடு வழக்காட இதைச் சொல்லவில்லை. அந்த மக்கள் எதைக் கொலை என்று கருதுகிறார்கள் என்பதை அறிந்துகொள்ளச் சொல்கிறேன்.

மறுமொழி 2
எழுதியவர்: போர்ட் லூயிஸ் வாசகர்

மேலே உள்ளதைப் படிக்க இனிமையாக இருக்கிறது. ஆயினும் இது எங்கிருந்தோ தானாக நிலைத்துவிட்ட மரபு என்று நம் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த இரண்டு வாரத்துக்குப் பின்னால் நீண்ட வழக்கு இருக்கிறது.

கனடாவுக்காகப் பிரிட்டனும் அமெரிக்காவும் 1916இல் செய்துகொண்ட வலசைப் பறவை ஒப்பந்தம், மார்ச் 10 முதல் செப்டம்பர் 1 வரை வேட்டையைத் தடை செய்தது. தெற்கில் துப்பாக்கி பிடித்துப் பொழுதுபோக்குவோருக்கு அது பொருந்தியிருக்கலாம். வடக்கே, குளிர்காலச் சேமிப்பெல்லாம் தீர்ந்த வசந்தத்தில் வந்திறங்கும் முதல் உணவே வாத்து என்று வாழ்ந்த மக்களுக்கோ, அந்தச் சட்டப்படி சோறே குற்றமாகிவிட்டது. இந்த முரண்பாட்டைத் திருத்தும் உடன்படிக்கை 1995இல்தான் எழுதப்பட்டது. ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஏட்டளவில் குற்றமாக இருந்த ஒரு செயலைத் தாத்தாக்கள் பேரன்களுக்குக் கற்றுக்கொடுத்து வந்திருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு பக்கம் விடுதிப் பள்ளிகள். 1930களில் ஃபோர்ட் ஜார்ஜ் தீவில் ஆங்கிலிக்கன் சபையும் கத்தோலிக்கச் சபையும் ஆளுக்கொன்றாக நடத்தத் தொடங்கிய பள்ளிகளும் அவற்றுள் அடங்கும். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்து, வாத்து வரும் பருவத்திலும் விடுதிக்குள் வைத்திருந்த அமைப்பு அது. அதற்காகக் கனடா நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள். பள்ளிதான் ஒரு தலைமுறையை முகாமிலிருந்து பிரித்தது. ஆகவேதான் இன்று முகாமுக்காகப் பள்ளியை மூடுவது அவர்களுக்கு வெறும் விடுமுறை அன்று.

அந்த நாட்காட்டி அவர்கள் கைக்கு எப்படி வந்தது? 1971இல் கியூபெக் அரசு ஜேம்ஸ் விரிகுடாப் பகுதியில் மாபெரும் நீர்மின் திட்டத்தை அறிவித்தது. கிரீ மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1975 நவம்பர் 11 அன்று ஜேம்ஸ் விரிகுடா, வட கியூபெக் உடன்பாடு கையெழுத்தானது. கிரீ பள்ளி வாரியமும், வேட்டையையே வாழ்வாகக் கொண்ட குடும்பங்களுக்கு அவர்கள் காட்டில் கழிக்கும் நாளைக் கணக்கிட்டுப் பணம் தரும் வருமான உறுதித் திட்டமும் அதிலிருந்து வந்தவை. விலை சிறிதன்று. ஃபோர்ட் ஜார்ஜ் தீவை விட்டு ஊரே 1980களின் தொடக்கத்தில் கரைக்கு, இன்றைய சிசாசிபிக்குக் குடிபெயர்ந்தது. கரையோரக் கடற்புல் 1990களின் பிற்பகுதியில் பெருமளவு அழிந்ததையும், அதை மேய வந்த வாத்துகள் இப்போது உள்நாட்டு வழியாகப் பறப்பதையும் அந்த ஊர் வேட்டைக்காரர்கள் அணையோடு சேர்த்துத்தான் பேசுகிறார்கள்.

ஆக, ஆசிரியை அவர்கள் கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான்: மரபு கைமாறுவதற்குப் பாட்டி மட்டும் போதாது, நாட்காட்டியும் வேண்டும். நமக்கு அரசு கொடுத்திருப்பது காவடி அன்றைக்கு ஒரு நாள்.

மறுமொழி 3
எழுதியவர்: காத்ர் போர்ன் காவடிக்காரர்

போர்ட் லூயிஸ் வாசகர் அவர்கள் சட்டத்தை நன்றாகச் சொன்னார். ஆனால் நாட்காட்டியின் மேல் பழியைப் போடுவதை என்னால் ஏற்க முடியாது. ஒரு நாள்தான் விடுமுறை என்றாலும், பத்து நாள் கோயிலில் பிள்ளைகள் இருக்கத்தான் செய்கிறார்கள். எங்கள் கோயிலில் காவடி வளைவுக்கு மூங்கில் வளைப்பதும், தென்னங்குருத்துப் பின்னுவதும், எலுமிச்சை கோப்பதும் பெரும்பாலும் இளைஞர்கள்தாம். கிரீ முகாமில் நடப்பதாக நீங்கள் சொல்லும் எல்லாமே அங்கே நடக்கிறது: பார்த்துப் பழகுதல், பெரியவர் ஒருவரின் சொல்லுக்குக் கட்டுப்படுதல், பசியைப் பொறுத்துக்கொண்டு காத்திருத்தல் எல்லாம்.

நடக்காதது ஒன்றுதான். "இதைப் பிடி", "அதை இறுக்கு", "இன்னும் கொஞ்சம் வளை" என்று நாங்கள் சொல்வதெல்லாம் கிரியோலில். மந்திரமும் பாட்டும் தமிழ், வேலை கிரியோல். என் தந்தை மூங்கிலை வளைக்கும்போது தமிழில் திட்டுவார். நான் என் மகனைக் கிரியோலில் திட்டுகிறேன். குற்றம் என்னுடையது, அரசுடையது அன்று.

மறுமொழி 4
எழுதியவர்: மாயேபூர் கடற்கரையிலிருந்து

சுருக்கமாக ஒன்று. சதுப்புக்கு ஓய்வு கொடுப்பது என்று படித்ததும் நம் பேய்க்கணவாய்தான் நினைவுக்கு வந்தது, அதாவது இங்கே ஊரித் என்று நாம் சொல்லும் எண்காலி. நம் நாட்டின் இன்னொரு தீவான ரொட்ரிக்ஸில் 2012 முதலும், நம் தீவில் 2016 முதலும், ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை அதைப் பிடிக்கத் தடை இருக்கிறது. அந்த இரண்டு மாதமும் கடல் மூடித்தான் இருக்கும். திறந்ததும் பெரிய பெரிய ஊரித்தாகக் கிடைப்பதைக் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் தடை கடலோரக் காவலரின் சொல்லாகத்தான் தெரிகிறது, தாத்தாவின் சொல்லாகத் தெரியவில்லை. காவலர் இல்லாத நாளில் என்ன நடக்கிறது என்பதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. காற்று விழுந்ததும் துப்பாக்கியைத் தொடாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பையன்களை நினைத்துக்கொண்டேன்.

கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: ரோஸ் ஹில் ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. காவடிக்காரர் ஐயா எழுதியது இரண்டு நாள் தூங்கவிடவில்லை. ஏனென்றால் நானே வகுப்பில் "கதவை மூடு" என்பதைத் தமிழில் எழுதச் சொல்லிவிட்டு, கதவை மூடச் சொல்லும்போது கிரியோலில்தான் சொல்கிறேன்.

சென்ற புரட்டாசிச் சனிக்கிழமை, என் மாணவி ஒருத்தியின் வீட்டில் ஏழு கறி விருந்துக்கு அழைத்திருந்தார்கள். முன்கூட்டியே போய்ச் சமையலறையில் உட்கார்ந்தேன். அவளுடைய பாட்டிக்குத் தமிழ் எழுதத் தெரியாது, நான் தமிழில் பேசினால் வெட்கப்பட்டுக் கிரியோலுக்குப் போய்விடுகிறார். நானும் வற்புறுத்தாமல் வாழைக்காய் நறுக்கத் தொடங்கினேன். கால் மணி நேரத்துக்குப் பிறகு, இலையை அடுக்கிக்கொண்டிருந்த பேத்தியைப் பார்த்து அவர், "நுனி இடப்பக்கம்" என்றார். பிறகு "ஈரத்துணியால் துடை" என்றார். பிறகு, இலைக்கட்டைச் சுற்றியிருந்த நாரை அவள் வெடுக்கென்று இழுத்தபோது, "நனைச்சுட்டு இழு, அறுந்துடும்" என்றார். அவரிடம் தமிழ் இல்லை என்று அவரும், வீட்டாரும், நானும் நினைத்துக்கொண்டிருந்தோம். கை வேலையில் இருந்தபோது அது வந்தது. பேத்தி திரும்பி என்னைப் பார்த்தாள்; அவளுக்கு 'நனை' என்ற சொல் பாடப்புத்தகத்தில் மழைப் பாட்டில் வந்தது நினைவிருந்தது.

வரும் தைப்பூசத்துக்கு முன்பு, கோயிலில் எலுமிச்சை கோக்கவும் குருத்துப் பின்னவும் என் வகுப்புப் பிள்ளைகள் சிலரை இத்தகைய பாட்டிகளோடு உட்காரவைக்கலாம் என்று எண்ணுகிறேன், கோயிலாரிடம் கேட்டிருக்கிறேன். கணக்காசிரியர் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: ஒரு பாட்டிக்கு எத்தனை பிள்ளைகளை விடலாம்?

மறுமொழி 5
எழுதியவர்: மாண்ட்ரியால் கணக்காசிரியர்

நான் இருந்த கூடாரத்தில் ஒரு பாட்டிக்கு மூன்று பேர். நான்காவதாக ஒருவன் பக்கத்துக் கூடாரத்திலிருந்து வந்தபோது, மூவரில் மூத்தவள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள், பாட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே மூன்று பேரோடு தொடங்குங்கள், வயது ஒன்றாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, தப்பாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அம்மா: பாட்டி "நனைச்சுட்டு" என்று சொல்லும்போது 'நனைத்துவிட்டு' என்று திருத்தாதீர்கள். முகாமில் நான் எழுதிக்கொள்வதற்காகக் குறிப்பேட்டை எடுத்த ஒரு மாலையில், அதுவரை பேசிக்கொண்டிருந்த பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டார். அதை மூடிப் பையில் வைத்த பிறகும் வெகுநேரம் கயிறு சுழலும் ஓசை மட்டும்தான் கேட்டது.